எண்கள் இருந்தன, பெயர்கள் இல்லை



இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு உங்களுக்குள்ளேயே விடை சொல்லிக் கொள்ளுங்கள். நீங்கள் யாருக்கேனும் கொடுக்க வேண்டிய பணம், யாரேனும் உங்களிடம் அமானிதமாக ஒப்படைத்திருக்கும் பொருள், இவற்றின் கணக்கு எங்கே இருக்கின்றது? "என் மனத்தில் இருக்கின்றது" என்பீர்களாயின், மனம் உங்களோடு மண்ணறைக்கு வந்துவிடும். "என் கைப்பேசியில் இருக்கின்றது" என்பீர்களாயின், மற்றொரு கேள்வியும் உண்டு. உங்களுக்குப் பின் அதைத் திறக்கப் போவது யார்? திறந்தால் அவரால் படிக்க முடியுமா?

இக்கேள்விகளை உங்களிடம் கேட்கும் தகுதி எனக்கு உண்டென்று நான் எண்ணவில்லை. எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு கடன் பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அது வெளிப்பட்ட விதத்தையும், வெளிப்பட்ட பின் என் விரலாலேயே அதைக் கெடுக்க இருந்த விதத்தையும் எழுதுகின்றேன். உங்கள் வீட்டில் இப்படி நேராதிருக்க இது பயன்படட்டும்.

வாப்பாவின் நோட்டுகள்

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் அதிராம்பட்டினத்திற்கும் இடையே இருக்கின்றது. காவிரியின் கடைமடை. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் பாசனத்திற்கு வந்த கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் 'புது ஆறு' என்றே சொல்வோம். மேட்டூரில் மதகு திறந்த செய்தி வானொலியில் வந்த பின், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டப் பல நாட்களாகும். தண்ணீர் வரும்வரை ஒரு கைமாற்று, நாற்று நடும்வரை ஒரு கைமாற்று, அறுவடை முடியும்வரை ஒரு கைமாற்று என்று கடைமடைக்காரர்களின் வாழ்க்கை ஓடும்.

மர்ஹூம் வாப்பா அவர்களுக்குப் பத்து மா நஞ்சையும் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. தஞ்சைக் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர். ஆகவே பெரிய பண்ணை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஊரில் பலர் தங்கள் பணத்தை வாப்பாவிடம் கொடுத்து வைப்பார்கள். வங்கிப் படியேறக் கூச்சப்பட்ட கூலிக்காரர்கள், வெளிநாடு போகும் பிள்ளைகள், மகளின் திருமணத்திற்குச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் தாய்மார்கள், எல்லா மதத்தாரும் அதில் இருந்தார்கள். வாப்பா அவர்கள் யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை. நோட்டில் எழுதுவார்கள்; எழுதியதை எதிரில் இருப்பவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்கள்.

அவர்கள் எழுதுவதற்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. தொகையை எண்ணாலும் எழுதுவார்கள், எழுத்தாலும் எழுதுவார்கள். தேதியில்லாமல் ஒரு வரியும் இராது. கணக்குத் தீர்ந்தால் அந்த வரியை அழிக்க மாட்டார்கள். அதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, கீழே "தீர்ந்தது" என்று தேதியோடு எழுதுவார்கள். ஒரு நோட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது, தீராத கணக்குகளை "முன் பாக்கி" என்று புதிய நோட்டிற்கு ஏற்றுவார்கள்.

2001-ஆம் ஆண்டு துபாயிலிருந்து விடுமுறையில் வந்த காக்கா ஒரு கணிப்பொறி வாங்கி வைத்தார். வாப்பாவின் கண்களில் அப்போது புரை வளர்ந்திருந்தது. நான் தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹயர் இரண்டும் தேறியவள். "நோட்டுகளையெல்லாம் இதில் ஏற்றி வை" என்றார்கள் வாப்பா. மூன்று மாதங்கள், நாள்தோறும் அஸருக்குப் பின், உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அவர்கள் வாசிக்க நான் தட்டினேன். ஏழு நோட்டுகள் ஒரே கோப்பில் அடங்கின. தடித்த எழுத்து, வண்ணம், கட்டம், படம் எதுவும் அதில் இல்லை. எழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ள எளிய உரைக்கோப்பு. அக்காலத்து நெகிழ்தட்டு ஒன்றிலேயே அது முழுவதும் அடங்கி இடம் மிச்சமிருந்தது. பின்னர் அதைக் குறுந்தகட்டில் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்தோம். மற்றதைக் காக்கா துபாய்க்குக் கொண்டு போனார்.

எட்டாவது நோட்டு மீண்டும் காகிதத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன் பாக்கிகளை ஏற்றும்போது வாப்பாவின் கண் சில வரிகளைத் தவறவிட்டது. அதை அப்போது நாங்கள் அறியவில்லை.

2009-இல் வாப்பா அவர்கள் வஃபாத்தானார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன் பள்ளிவாசலில் வழக்கமான அறிவிப்புச் செய்யப்பட்டது: மர்ஹூம் அவர்கள் யாருக்கேனும் கொடுக்க வேண்டியிருந்தால் வாரிசுகளை அணுகலாம். எட்டாவது நோட்டில் இருந்த கணக்குகள் அனைத்தையும் சில மாதங்களில் தீர்த்தோம். கடமை முடிந்தது என்று மன நிறைவும் கொண்டோம். பழைய ஏழு நோட்டுகளும் பரணில் தகரப் பெட்டிக்குள் போயின. அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புயலுக்குப் பின் வந்தவர்

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலை டெல்டாக்காரர்கள் எவரும் மறந்திருக்க முடியாது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தலைமுறை கண்ட தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. எங்கள் வீட்டின் பின்கட்டு ஓடுகள் பறந்தன. பரண் மேலிருந்த தகரப் பெட்டி மழை நீரில் நிறைந்து கிடந்தது. நாங்கள் திறந்தபோது ஏழு நோட்டுகளும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. வெயிலில் காயவைத்துப் பிரித்தால், பேனா மை நீலச் சாயமாகப் பரவியிருந்தது. வீட்டிலிருந்த குறுந்தகடும் அதே பெட்டியில்தான் இருந்தது. அதன் மேற்பூச்சு உரிந்துவிட்டது.

அடுத்த பிப்ரவரியில் ஒரு மூதாட்டி வந்தார். அவருடைய கணவர் எங்கள் வயலில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். புயலில் அவருடைய குடிசையின் கூரை போயிருந்தது. திண்ணையில் அமர்ந்து, நெடுநேரம் தென்னை போனது பற்றியே பேசிக்கொண்டிருந்தவர், எழும்போதுதான் மெல்லக் கேட்டார்.

"எம் மவ கல்யாணத்துக்குன்னு அய்யாகிட்ட கொஞ்சம் பணம் குடுத்து வச்சிருந்தாரு எங்க வீட்டுக்காரரு. பாதிக்கு மேல வாங்கலன்னு நெனப்பு."

"எவ்வளவு இருக்கும்?"

"அஞ்சாயிரம்னு அவரு சாகும்போது சொன்னாரு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அய்யா எழுதி வச்சிருப்பாரு தாயி."

வாப்பா இறந்தபோது ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பள்ளிவாசல்ல சொன்னாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். துக்க வீட்ல வந்து பணம் கேக்க மனசு வருமா?" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். நாங்கள் அறிவித்தது உண்மை. ஆனால் பள்ளிவாசலுக்குள் இருந்தவர்களின் காதில்தான் அறிவித்தோம். வாப்பாவை நம்பிப் பணம் கொடுத்தவர்களில் பாதிப்பேர் அந்தச் சுவருக்கு வெளியே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லி அனுப்பினேன். அன்றிரவே துபாய்க்குப் பேசினேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த குறுந்தகட்டைக் காக்கா தேடி எடுத்தார். அவருடைய மகன் அதிலிருந்த கோப்பை என் கைப்பேசிக்கு அனுப்பினான். எளிய உரைக்கோப்பைப் படிக்கவும் திருத்தவும் உதவும் செயலி ஒன்றையும் இறக்கிக் கொள்ளச் சொன்னான். இத்தகைய செயலிகள் இலவசமாகவே பல உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான மார்க்கோர் போன்றவை இணையத் தொடர்பு இல்லாமலும் இயங்குபவை. குறிப்புகளைத் தமக்குள் பூட்டி வைக்காமல், கைப்பேசியில் சாதாரணக் கோப்புகளாகவே விட்டு வைப்பவை.

பிஸ்மில்லாஹ் சொல்லித் திறந்தேன். கண்முன் தெரிந்தது தமிழே அன்று. உச்சியில் கீற்றிட்ட ஐரோப்பிய எழுத்துகள், நாணயக் குறிகள், பின்னங்கள். "தமிழ்" என்ற சொல் வந்திருக்க வேண்டிய இடத்தில் முக்கால் என்னும் பின்னமும், கீற்றிட்ட ஏகாரமும், சென்ட் குறியும், கீற்றிட்ட யூகாரமும் நின்றன. ஆனால் ஒன்று மட்டும் கெடவில்லை. தேதிகளும் தொகைகளும் அப்படியே இருந்தன! 1997. 8000. 2000. 450. 12000. பக்கம் பக்கமாகக் கடன்கள் தெரிந்தன. யாருடைய கடன் என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் மூத்தும்மா அரபுத்தமிழில் எழுதிய குறிப்பேடு ஒன்று வீட்டில் உண்டு. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அந்த முறையை அவர்கள் காலத்தில் பெண்கள் பலர் அறிந்திருந்தார்கள். இன்று எங்கள் வீட்டில் அதைத் தடையின்றிப் படிப்பவர் இல்லை. எழுத்து இருக்கின்றது, படிக்கும் கண் போய்விட்டது. ஒரு நூற்றாண்டில் அந்தக் குறிப்பேட்டிற்கு நேர்ந்தது, என் கோப்பிற்குப் பதினெட்டே ஆண்டுகளில் நேர்ந்துவிட்டதே என்று அன்றிரவு அழுதேன்.

ஏன் இப்படி ஆயிற்று?

இதன் காரணத்தை எளிமையாகச் சொல்லுகின்றேன். கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே அது சேமிக்கின்றது. எந்த எண் எந்த எழுத்து என்னும் உடன்பாடு எழுதுபவர்க்கும் படிப்பவர்க்கும் பொதுவாக இருக்க வேண்டும். நான் தட்டச்சு செய்த காலத்தில் தமிழுக்கு இப்படிப் பல உடன்பாடுகள் போட்டியிட்டன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி 'டாம்', 'டாப்' என்னும் இரண்டைத் தமிழக அரசு ஏற்றது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி உருவாக்கிய 'திஸ்கி' வேறொன்று. இவை போகப் பத்திரிகை அலுவலகங்களும் எழுத்துரு செய்தவர்களும் தத்தமக்கென வைத்திருந்தவை பல. எங்கள் கோப்பு திஸ்கியில் இருந்தது.

திஸ்கியில் 'த' என்பதன் எண் 190. மேலை நாட்டுக் குறிமுறையில் அதே 190 முக்கால் என்னும் பின்னம். திஸ்கியை அறியாத என் கைப்பேசி அதைப் பின்னமாகவே காட்டியது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் 128-க்குக் கீழே பொதுவான இடத்தில் இருந்தமையால் தொகைகள் மட்டும் தப்பின.

இந்தக் குழப்பத்திற்கு முடிவு கட்டியது யூனிகோடு. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கும் அம்முறையின் முதற்பதிப்பு 1991-இல் வந்தபோதே தமிழும் அதில் இடம் பெற்றது. அதில் 'த' என்பதன் எண் 2980. அந்த எண் வேறெந்த எழுத்துக்கும் கிடையாது. ஆகவே பட்டுக்கோட்டையில் எழுதியது துபாயிலும் 'த'தான், கோலாலம்பூரிலும் 'த'தான். தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தன் தரமாக அறிவித்தது.

இவ்விடத்தில் எங்கள் வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரை நினைவுகூராமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அதிராம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த மர்ஹூம் உமர்தம்பி அவர்கள்தான் அவர். யூனிகோடு தமிழ் இன்னும் பரவாத நாட்களில், படிப்பவர் தம் கணிப்பொறியில் எதையும் நிறுவாமலேயே இணையத்தில் தமிழைப் படிக்க உதவிய 'தேனீ' எழுத்துருவை உருவாக்கி, பொருள் எதுவும் பெறாமல் எல்லோருக்கும் கொடுத்தவர். தமிழ்க் கணிமைக்கான சிறு கருவிகள் பலவற்றையும் செய்தவர். 2006-இல் அவர் மறைந்தார். 2010-இல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் வாழ்ந்த ஒருவர் எந்தச் சிக்கலைத் தீர்க்க உழைத்தாரோ, அதே சிக்கலில்தான் என் வாப்பாவின் கடன் சிக்கிக் கிடந்தது. அவர் இருந்த காலத்தில் நான் அறியாமல் போனேன்.

திஸ்கியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இன்று உண்டு. மாற்றும் வேலையில் ஒரு நுட்பம் இருக்கின்றது. 'கெ' என்னும் எழுத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. திஸ்கி அந்த வரிசையிலேயே கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னும் வைக்கும். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் ககரத்தை முன்னே வைக்கும். கருவி இதையும் பார்த்து இடம் மாற்ற வேண்டும். காக்காவின் மகன் பத்தே நிமிடங்களில் முடித்து அனுப்பினான்.

மீண்டும் திறந்தேன். வாப்பாவின் சொற்கள் வரி வரியாக நின்றன. மூதாட்டியின் கணவர் பெயரைத் தேடலில் இட்டேன். கிடைத்தது.

3.2.97 அன்று மகள் திருமணத்திற்கென அவர் கொடுத்தது ரூபாய் 8000, எட்டாயிரம். அடுத்த ஆண்டு மருத்துவச் செலவுக்கு அவர் திரும்பப் பெற்றது 2000, இரண்டாயிரம். அதன் கீழே நான் மறந்தே போயிருந்த மற்றொரு வரி: குறுவைக்கு அவரிடம் நாம் வாங்கிய ஆடுதுறை 36 விதை நெல் ஒரு மூட்டை, நாம் தர வேண்டியது. மூன்று வரிகளின் கீழும் "தீர்ந்தது" என்ற சொல் இல்லை.

ஓர் பூச்சியம்

நான் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படித்தபடியே உறங்கியும் போனேன். கைப்பேசியில் படிப்பதும் திருத்துவதும் ஒரே திரையில்தான் நடக்கின்றன என்பதை அப்போது நான் எண்ணவில்லை. கோப்பைக் காக்கா, சென்னையிலுள்ள தம்பி, நான் ஆகிய மூவரின் கைப்பேசிகளிலும் ஒரே சமயத்தில் தெரியும்படி பொதுக் கோப்புறையில் வைத்திருந்தோம்.

மறுநாள் தம்பி பேசினார். "லாத்தா, கொடுத்தது எண்ணூறு, திருப்பி வாங்கியது இரண்டாயிரம் என்று இருக்கிறதே. நமக்கல்லவா அவர்கள் தர வேண்டியிருக்கும்?"

எனக்குப் புரியவில்லை. திறந்து பார்த்தேன். 800 என்றே இருந்தது. பக்கத்தில் எழுத்தில் "எட்டாயிரம்" என்று இருந்தது. இரவில் என் பெருவிரல் அழிப்பு விசையில் ஒருமுறை பட்டிருக்கின்றது. செயலி அதைத் திருத்தம் என்றெண்ணிச் சேமித்திருக்கின்றது. சேமித்தது மூன்று ஊர்களுக்கும் போயிருக்கின்றது. மையில் எழுதியதை அழித்திருந்தால் தாளில் சுரண்டிய தடமாவது இருந்திருக்கும். இதிலோ ஒரு பூச்சியம் போன இடத்தில் சிறு வெற்றிடமும் இல்லை.

"எழுத்தில் எட்டாயிரம் இருக்கிறதே" என்றேன். தம்பி கேட்டது நியாயமான கேள்வி: "எழுத்தும் எண்ணும் இரண்டுமே லாத்தா தட்டியவைதான். எது சரி என்று எப்படிச் சொல்வது? மற்ற வரிகளில் என்னென்ன மாறியிருக்கிறதோ?"

அப்போதுதான் அந்தப் பழைய கோப்பின் நினைவு வந்தது. முந்தைய நாள் என்னை அழவைத்த, ஒரு பெயரும் படிக்க முடியாத அந்தத் திஸ்கிக் கோப்பு. அதைத் திறந்து 3.2.97 என்னும் தேதியைத் தேடினோம். பின்னங்களுக்கும் நாணயக் குறிகளுக்கும் இடையே 8000 என்று தெளிவாக நின்றது. படிக்கத் தெரிந்த கோப்பு தவறாகச் சொன்னதைப் படிக்கத் தெரியாத கோப்பு திருத்தியது!

காக்காவின் மகன் அதோடு விடவில்லை. பழைய கோப்பைப் புதிதாக மறுபடி மாற்றி, எங்கள் கைபட்ட கோப்போடு கணிப்பொறியைக் கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டான். எளிய உரைக்கோப்பில் இது நொடிப் பொழுதில் நடக்கும் வேலை. ஏழு நோட்டுகளிலும் மாறியிருந்தது அந்த ஒரு பூச்சியம்தான். அல்ஹம்துலில்லாஹ்.

வெள்ளிக்கிழமை மூதாட்டி பேரனோடு வந்தார். வாப்பா செய்வது போலவே வரிகளை உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் ஐயாயிரம் என்று நினைத்திருந்தார். எழுத்து ஆறாயிரம் என்றது. விதை நெல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "அய்யாவே சொல்றாரு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார். ஆறாயிரத்தையும், அன்றைய விலையில் ஒரு மூட்டை விதை நெல்லுக்குரிய பணத்தையும் கடனாகத் தீர்த்தோம். இருபத்திரண்டு ஆண்டுகளில் ரூபாயின் மதிப்பு எவ்வளவு தேய்ந்திருக்கின்றது என்பதை எண்ணி, கூரை வேய ஒரு தொகையை உடன்பிறந்தோர் மூவரும் அன்பளிப்பாகக் கொடுத்தோம். கடனைக் கடனென்றும் அன்பளிப்பை அன்பளிப்பென்றும் வெவ்வேறு வரிகளில் எழுதினேன். பழைய வரிகளைத் தொடவில்லை. அவற்றின் கீழே "தீர்ந்தது" என்று தேதியிட்டேன். பேரன் அதைப் படித்துப் பாட்டியிடம் சொன்னான்.

கோப்பில் தீராமல் நின்ற கணக்குகள் மேலும் நான்கு இருந்தன. அவற்றிற்கு உரியவர்களை நாங்களே தேடிப் போனோம்.

உங்கள் வீட்டுக்கு

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுத்த பணத்தின் கணக்குகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டவை இன்றும் இருக்கின்றன. கல்லில் வெட்டியதை ஒரு பெருவிரல் மாற்ற முடியாது. கைப்பேசிக் குறிப்போ அதற்கு நேர்மாறானது. எவ்வளவு எளிதாக எழுதலாமோ அவ்வளவு எளிதாக மாறியும் போகும். ஆகவே அதில் எழுதுகிறவர்கள் கல்லுக்குரிய ஒழுங்கைத் தாமே கடைப்பிடிக்க வேண்டும். திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். எழுதுபவரைப் பற்றியும் சாட்சிகளைப் பற்றியும் அது பேசுகின்றது. சிறிய தொகைதானே என்று சோர்ந்துவிடக் கூடாது என்றும் அறிவுறுத்துகின்றது. நோட்டு கைப்பேசியாக மாறியதால் அந்தக் கடமையில் எதுவும் குறைந்துவிடவில்லை.

நான் இப்போது செய்வதைச் சொல்லுகின்றேன்; பிடித்திருந்தால் நீங்களும் செய்யுங்கள்.

கடன், அமானிதம், வீட்டுக் கணக்கு, நிலத்தின் விவரம் ஆகியவற்றை யூனிகோடு எழுத்தில் எளிய உரைக்கோப்பாகவே வைத்திருக்கின்றேன். அலங்காரம் இல்லாததால் எந்தச் செயலியிலும் திறக்கும். ஒரு செயலி நாளை நின்றுபோனாலும் கோப்பு நிற்கும். வாப்பாவின் ஏழு நோட்டுகளும் சேர்ந்து, கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை.

தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகின்றேன். திருத்த நேர்ந்தால் பழைய வரியை அழிப்பதில்லை. கீழே தேதியிட்டுப் புதிய வரி சேர்க்கின்றேன். படிக்க மட்டும் வேண்டியபோது, படிக்கும் நிலையில் வைத்தே திறக்கின்றேன். பல செயலிகளில் அவ்வசதி இருக்கின்றது.

எழுதியதை உரியவருக்குப் படித்துக் காட்டி, அப்போதே அவருக்கும் ஒரு படியை அனுப்பிவிடுகின்றேன். என்னிடம் மட்டுமே உள்ள, நான் நினைத்தால் மாற்றக்கூடிய குறிப்பு, அவருக்குச் சான்றாகாது.

ஆண்டுக்கொரு முறை முழுக் கோப்பையும் படியெடுத்து, கைபடாத இடத்தில் வைக்கின்றேன். ஒரு படி இந்த ஊரில், மற்றொன்று வேற்றூரில். ஒரே பரணில் இரண்டையும் வைத்ததன் பலனை நாங்கள் கண்டுவிட்டோம்.

வங்கி ரகசிய எண்களை இத்தகைய கோப்பில் எழுதுவதில்லை. எவரும் திறந்து படிக்கலாம் என்பதே இதன் நன்மை. அதுவே இதன் ஆபத்தும் ஆகும்.

உங்களிடம் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இருந்தால், அவை புரியாத குறிகளாகத் தெரியும்போது அதே நிலையில் சேமித்துவிடாதீர்கள். கேள்விக்குறியாகக் காட்டியதைக் கேள்விக்குறியாகவே எழுதிவிடும் செயலிகள் உண்டு. அதன் பின் எந்தக் கருவியாலும் மீட்க இயலாது. முதலில் ஒரு படி எடுத்து, அந்தப் படியை மாற்றிப் பாருங்கள். குப்பையென்று மூலத்தை எறிந்துவிடாதீர்கள். ஒரு நாள் அதுதான் உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

இவை அனைத்திலும் முக்கியமானது ஒன்று. இப்படி ஒரு கோப்பு இருக்கின்றது, இன்ன இடத்தில் இருக்கின்றது என்று வீட்டில் இருவரிடமாவது சொல்லி வையுங்கள். நான் என் மகளிடமும் மருமகளிடமும் சொல்லியிருக்கின்றேன். அந்தக் கோப்பின் முதல் வரியாக, இதில் பெயருள்ளவர்களை அவர்கள் வரும்வரை காத்திராமல் நீங்களே தேடிச் செல்லுங்கள் என்று எழுதியிருக்கின்றேன்.

இன்று இஷாவுக்குப் பின் உங்கள் கைப்பேசியை எடுங்கள். மனத்தில் மட்டும் இருக்கும் ஒரு கடனை, ஒன்றே ஒன்றை, பெயரும் தேதியும் எண்ணும் எழுத்துமாக எழுதிப் பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். எங்கள் திண்ணையில் அமர்ந்து தென்னை மரங்களைப் பற்றியே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்த அந்த மூதாட்டி, தம் பணத்தைக் கேட்பதற்குப் பத்தாண்டுகள் தயங்கினார். உங்கள் வீட்டு வாசலுக்கு வர யாரும் அவ்வாறு தயங்கி நிற்காதிருக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!